பெரிய மரத்தவளையைச் சிக்கனமாக வளர்க்க: வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

என் வீட்டு வரவேற்பறையில் இருக்கும் மரத்தவளைக்கு இப்போது ஏறக்குறைய ஏழு வயதாகிறது. அது வருவதற்குப் பதினெட்டு நாள் முன்பே அதன் தொட்டி தயாராகி, நீர்க்கிண்ணமும் கிளைகளுமாக மூலையில் வெறுமையாக நின்றது. வீட்டுக்கு வந்த உறவினர்கள் குனிந்து குனிந்து உள்ளே தேடினார்கள். ஒன்றும் இல்லை என்று சொன்னதும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அந்தப் பதினெட்டு நாளும் தொட்டிக்குள் இருந்த வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் காலை, பிற்பகல், இரவு என்று மூன்று வேளை ஒரு நோட்டில் குறித்து வந்தேன். வாங்குவதாகப் பட்டியல் போட்டிருந்த சூடேற்றும் விளக்கு, அடியில் விரிக்கும் சூட்டுப்பாய், தானாக நீர் தெளிக்கும் இயந்திரம் ஆகிய மூன்றும் தேவையே இல்லை என்பது அந்தக் குறிப்பிலிருந்துதான் தெரிந்தது. குறைந்த செலவில் தவளை வளர்க்க விரும்புவோருக்கு நான் சொல்லக்கூடிய வழி இதுதான்: இருப்பிடத்தை முதலில் அமைத்து, அளந்து பார்த்து, குறைகளைச் சரிசெய்து முடித்த பிறகே தவளையை வாங்க வேண்டும்.

எந்தத் தவளை

பெரிய தவளை என்றதும் இணையப் படங்களில் வாயே உடலாக உட்கார்ந்திருக்கும் பேக்மேன் தவளையும், ஆப்பிரிக்கப் புல்ஃபிராக்கும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். சிங்கப்பூரில் அவற்றை வளர்க்க அனுமதி இல்லை. தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இயங்கும் விலங்குநல, கால்நடை மருத்துவச் சேவைப் பிரிவு, அதாவது ஏவிஎஸ், செல்லப்பிராணியாக வைத்துக்கொள்ளக்கூடிய விலங்குகளைப் பட்டியலிட்டிருக்கிறது. அதில் முயல், ஹாம்ஸ்டர், சிவப்புக்காது ஆமை, துறவி நண்டு முதலியவற்றோடு பச்சை மரத்தவளையும் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் பச்சை மரத்தவளை என்ற பெயரில் உலகில் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த லிட்டோரியா கெருலியா ஒன்று. அமெரிக்காவைச் சேர்ந்த, அதைவிட மிகவும் சிறிய, மெலிந்த தவளை இன்னொன்று. ஆகவே கடைக்காரர் சொல்லும் பெயரை மட்டும் நம்பாமல், அறிவியல் பெயரைக் கேட்டு வாங்கி, ஏவிஎஸ் இணையத்தளத்தில் அன்றைக்கு இருக்கும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்து, உரிமம் பெற்ற கடையில் ரசீதுடன் வாங்குங்கள். அந்த ரசீதைத் தூக்கி எறியாதீர்கள்.

இங்கே இரண்டு ஆசைகளை முளையிலேயே கிள்ளிவிட வேண்டும். முதலாவது, ஜோகூர் பாருவில் பார்த்ததைக் கடற்பாலம் வழியாகக் கொண்டுவந்துவிடலாம் என்ற எண்ணம். அனுமதியின்றி விலங்குகளைக் கொண்டுவருவது குற்றம். பெட்டிக்குள் அடைபட்டு வரும் தவளைக்கும் அது நல்லதல்ல. இரண்டாவது, ஈரச்சந்தையில் உணவுக்காக விற்கப்படும் அமெரிக்கப் புல்ஃபிராக்கை மலிவாக வாங்கி வளர்த்துவிடலாம் என்ற எண்ணம். கேலாங் தவளைக் கஞ்சிக்குப் போகும் அந்தத் தவளை, நீரும் நிலமும் தாராளமாக வேண்டியது. பயந்தால் கண்ணாடியில் மோதி மூக்கைப் புண்ணாக்கிக்கொள்ளும். மற்றத் தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சையை, தனக்கு எந்த நோய்க்குறியும் இல்லாமலே சுமந்து திரியக்கூடியது. மழைக்குப் பிறகு சாக்கடையிலிருந்து கத்தும் உள்ளூர்த் தவளைகளையும் பிடித்துவரக் கூடாது. வனவிலங்குச் சட்டம் அவற்றையும் காக்கிறது.

இனி இந்தக் கட்டுரையில் தவளை என்று நான் சொல்வதெல்லாம் ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளையையே. மரத்தவளைகளில் இது பெரிய இனம்: ஆண் ஏழு சென்டிமீட்டர் அளவில் நின்றுவிடும், பெண் பத்து சென்டிமீட்டரைத் தாண்டி உள்ளங்கையை நிறைக்கும். 1790ஆம் ஆண்டில் ஜான் வைட் என்ற மருத்துவர் இதை முதன்முதலில் விவரித்தபோது இதன் பெயரில் நீல நிறத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைச் சேர்த்தார். தோலில் நீலத்தின் மேல் மஞ்சள் படிந்திருப்பதால்தான் இது பச்சையாகத் தெரிகிறது. பதப்படுத்திய உடலில் மஞ்சள் கரைந்துபோய் நீலம் மட்டும் எஞ்சியிருந்தது. உங்கள் தவளை ஒருநாள் பச்சையாகவும் மறுநாள் பழுப்பாகவும் இருக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். வெப்பம், ஈரம், வெளிச்சம் ஆகியவற்றுக்கு ஏற்ப நிறம் மாறுவது அதன் இயல்பு.

வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டிய மற்றொரு எண் அதன் ஆயுள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் வாழும். இருபதைத் தொட்டவையும் உண்டு. உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் மகன் கேட்கிறான் என்று வாங்கினால், அவன் தேசிய சேவைக்குப் போகும் இரண்டு ஆண்டுகளில் தவளைக்கு இரையாக வீட்டில் வைத்திருக்கும் வெட்டுக்கிளிக்கு யார் கேரட் வெட்டிப் போடுவது என்பதையும் இன்றே பேசி முடித்துவிடுங்கள். என் வீட்டில் இதைப் பேசவில்லை. இப்போது அதை என் அம்மா செய்கிறார். ஆரம்பத்தில் அந்த மூலைப் பக்கமே வராதவர் அவர்.

தொட்டி

தொட்டியில் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம். மரத்தவளைக்குத் தரையைவிட உயரம் முக்கியம். வளர்ந்த தவளை ஒன்றுக்கு 45 சென்டிமீட்டர் நீளமும் அகலமும், 60 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட தொட்டி குறைந்த அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் கதவு திறக்கும் புதிய கண்ணாடித் தொட்டிகளின் விலை கையைச் சுடும். ஆனால் மீன் வளர்த்துச் சலித்தவர்களும் வீடு மாறுபவர்களும் கரோசல் என்ற இணைய விற்பனைத் தளத்தில் தொட்டிகளைக் கிட்டத்தட்ட சும்மாவே கொடுத்துவிடுகிறார்கள். 75 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகல உயரமும் உள்ள பழைய மீன்தொட்டியை வாங்கி, செங்குத்தாக நிமிர்த்தி வைத்தால், மேலே திறந்திருந்த பக்கம் முன்பக்கமாகிவிடும். தண்ணீர் நிரப்பப் போவதில்லை என்பதால் சிறு கசிவு இருந்தாலும் பரவாயில்லை. அதைக் காட்டி விலையைக் குறைத்தே கேட்கலாம். விரிசல் விட்ட கண்ணாடியை மட்டும் வாங்காதீர்கள்.

முன்பக்கத்தை மூடுவதற்கு மூன்று பகுதிகள் போதும். அடியில் 12 சென்டிமீட்டர் உயரத்துக்கு அக்ரிலிக் பட்டை ஒன்றை ஒட்டிவிட வேண்டும். மண்ணும் நீரும் வெளியே சிந்தாமல் அது தடுக்கும். நடுவில் கீல் வைத்த அக்ரிலிக் கதவு. மேலே 15 சென்டிமீட்டருக்குச் சன்னலில் அடிக்கும் கொசுவலை. கதவுக்குக் கீழே விரல் அகலத்துக்கு இன்னொரு வலைப்பட்டையும் வைத்துவிட்டால், கீழே நுழையும் காற்று மேலே வெளியேறும். இந்தக் காற்றோட்டத்தை அலங்காரமாக நினைக்க வேண்டாம். குளிர்நாட்டு வழிகாட்டிகள் ஈரத்தைத் தொட்டிக்குள் அடைத்து வைப்பதற்குச் சொல்லும் வழிகளை இங்கே அப்படியே பின்பற்றினால் தொட்டி புழுங்கிப்போகும். நம் ஊர்க் காற்றிலேயே ஈரம் 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. இந்தத் தவளையோ ஆண்டில் பல மாதம் வறண்டு கிடக்கும் நிலப்பகுதிகளிலும் வாழப் பழகியது. காற்று நகராத ஈரத்தில் அதன் தோலில் கிருமித்தொற்று எளிதாக வந்துவிடும். உலோக வலையை மட்டும் தவிர்த்துவிடுங்கள், இரவில் ஏறித் தாவும்போது மூக்கு சிராய்க்கும்.

ஒட்டுவதற்குச் சிலிக்கான் பசை வாங்கும்போது நான் செய்த பிழையை நீங்கள் செய்ய வேண்டாம். குளியலறைக்கு என்று விற்கப்படும் பசைகளில் பூஞ்சைக்கொல்லி மருந்து கலந்திருக்கும். தோலாலேயே நீரையும் ஓரளவு காற்றையும் உள்ளிழுக்கும் பிராணிக்கு அது நஞ்சு. ஒட்டி முடித்த பிறகே குழாயின் முதுகில் இருந்த சிறிய எழுத்துகளைப் படித்தேன். அத்தனையையும் பிளேடால் சுரண்டி எடுத்து, மீன்தொட்டிக்கு என்று குறிப்பிட்ட பசையை வாங்கி மறுபடி ஒட்டினேன். இந்தப் பசை காயும்போது வினிகர் நெடி அடிக்கும். அந்த நெடி முற்றிலும் போகும்வரை, அதாவது ஒரு வாரமாவது, தொட்டியைத் திறந்து போட்டு வையுங்கள். எனக்குப் பதினெட்டு நாள் கிடைத்ததற்கு உண்மையான காரணம் இந்தப் பிழைதான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

உள்ளே வைக்க வேண்டியவற்றுக்குப் பெரும்பாலும் காசு தேவைப்படாது. தவளையின் எடையைத் தாங்கும் இரண்டு மூன்று கிளைகள், ஒரு மூங்கில் துண்டு, தவளை நுழைந்து ஒளிந்துகொள்ளும் அகலத்தில் பிவிசி குழாய் ஒன்று. ஆஸ்திரேலியாவில் இந்தத் தவளைகள் மழைநீர்த் தொட்டிகளிலும் தபால் பெட்டிகளிலும் கழிவறைத் தொட்டிகளிலும் குடியிருப்பது வழக்கம். பிவிசி குழாயை அது கேவலமாக நினைக்காது. பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்தில் படர்ந்திருக்கும் மணி பிளாண்ட்டில் இரண்டு கொடி கேட்டு வாங்கி, பூச்சிமருந்து போக இலை இலையாகக் கழுவி, சில வாரம் தண்ணீரில் வைத்திருந்து பின்பு நடுங்கள். தரைக்கு முதல் மாதம் வெறும் சமையலறைத் தாள் போதும். எச்சம் எப்படி இருக்கிறது என்பது அதில் தெளிவாகத் தெரியும். பிறகு தேங்காய் நார்த்தூள் கட்டி ஒன்றை ஊறவைத்து, இரண்டு மூன்று முறை அலசிப் பரப்பலாம். கூழாங்கல் வேண்டாம். இரையைக் கவ்வப் பாயும் தவளை கல்லையும் சேர்த்து விழுங்கிவிடும், அது குடலில் அடைத்துக்கொண்டால் அறுவைச் சிகிச்சை வரைக்கும் போக நேரிடும். தவளையின் தலையைவிடப் பெரிய கல்லாக இருந்தால் வைக்கலாம்.

இடமும் வெப்பமும்

பகலில் 25 முதல் 29 டிகிரி செல்சியஸ், இரவில் சற்றுக் குறைவு என்பது இந்தத் தவளைக்கு ஏற்ற வெப்பம். வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் மின்விசிறி ஓடும் கூடத்தின் நிழலான மூலையில் இது கிட்டத்தட்டத் தானாகவே கிடைத்துவிடுகிறது. குளிரைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை. பிற்பகல் வெயிலைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். மேற்குப் பார்த்த சன்னலுக்கு அருகில் கண்ணாடித் தொட்டியை வைத்தால் அரை மணி நேரத்தில் அது அடுப்பாகிவிடும். வெப்பமானியும் ஈரமானியும் சேர்ந்த மலிவான கருவி ஒன்றை உள்ளே வைத்துச் சில நாள் பாருங்கள். என் தொட்டி முதலில் இருந்த இடத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு 33 டிகிரி காட்டியது. அறையின் எதிர்ச்சுவரில், அதுவும் தரையை ஒட்டிய தட்டில் வைத்ததும் 29.5 ஆகிவிட்டது. அந்த மூன்றரை டிகிரிக்கு நான் ஒரு காசும் செலவழிக்கவில்லை. கடும் வெப்பமான நாள்களில் மேல்வலையின் மீது யுஎஸ்பியில் ஓடும் சிறிய விசிறி ஒன்றை வெளிப்பக்கம் ஊதும்படி வைத்தால் இன்னும் சற்றுக் குறையும்.

படுக்கையறையில் வைத்தால் இரவெல்லாம் ஓடும் குளிர்சாதனம் காற்றை உலர்த்திவிடும் என்பதை மறக்கக் கூடாது. நீர்க்கிண்ணம் நிறைந்திருந்து, உறங்கும் முன் கைத்தெளிப்பானால் ஒருமுறை தெளித்துவிட்டால் தவளை சமாளித்துக்கொள்ளும். ஆனால் 22 டிகிரிக்கு வைத்துப் போர்த்திக்கொண்டு தூங்குபவர்கள் தொட்டியைக் கூடத்திலேயே வைப்பது நல்லது.

புற ஊதாக் கதிர் விளக்கு தேவையா என்பதில் வளர்ப்போர் இரு பக்கமாக நிற்கிறார்கள். வலுக்குறைந்த விளக்கு எலும்பு வளர்ச்சிக்கு உதவும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் அந்தக் குழாய் எரிந்துகொண்டிருந்தாலும் அதன் கதிர்வீச்சு மாதக்கணக்கில் குறைந்துகொண்டே போகும். ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற முடியாதவர் அதை வாங்கிப் பயனில்லை. கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் வைட்டமின் டி3 கலந்த சுண்ணாம்புச்சத்துத் தூளை முதலில் வாங்குங்கள், விளக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சன்னல் வெயிலே போதுமே என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும், வெப்பத்தை மட்டும் உள்ளே விடும்.

தண்ணீர்

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. கிண்ணத்துக்குள் இறங்கி, பின்னங்கால்களை அகட்டி, அடிவயிற்றை நீரோடு ஒட்டவைத்து அசையாமல் உட்கார்ந்திருக்கும். தொடைக்கு நடுவே உள்ள மெல்லிய தோல்தான் அதற்கு வாய். ஆகவே அந்தக் கிண்ணத்தில் என்ன இருக்கிறதோ அது நேராக உடலுக்குள் போகிறது.

நம் குழாய்த் தண்ணீர் நாம் குடிப்பதற்கு மிக நல்லது. தவளைக்கு அப்படியே ஆகாது. ஒரு வாளியில் பிடித்து ஓரிரவு வைத்துவிட்டால் குளோரின் போய்விடும் என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பொதுப் பயனீட்டுக் கழகம் கிருமிநாசினியாகப் பயன்படுத்துவது குளோரமின். அது குளோரினைப் போல எளிதில் ஆவியாகிப் போவதில்லை. மீன்கடைகளில் ஆன்ட்டிகுளோரின் என்று கேட்டால் கிடைக்கும் மருந்துகளில், குளோரமினையும் நீக்கும் என்று புட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். ஒரு சிறு புட்டி ஒரு தவளைக்கு மாதக்கணக்கில் வரும், சில வெள்ளிதான் ஆகும். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. காய்ச்சி வடித்த நீரை வாங்கி ஊற்றுவதும் தவறு, அதில் உப்புச்சத்துகளே இருக்காது.

கிண்ணம் தவளையின் தோள் உயரத்துக்கு நீர் நிற்கும் அளவில் இருந்தால் போதும். இரண்டு வெள்ளிக் கடைகளில் விற்கும் பூந்தொட்டித் தட்டு இதற்குச் சரியாகப் பொருந்துகிறது. தண்ணீரை நாள்தோறும் மாற்ற வேண்டும். தவளை பெரும்பாலும் அதில்தான் எச்சமிடும் என்பதோடு, தேங்கிய நீரில் கொசுப்புழு இருந்தால் அதிகாரிகள் சோதனைக்கு வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். தவளை இருக்கும் வீட்டில் கொசு வளராது என்ற சமாதானம் அங்கே எடுபடாது. கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாமல் கழிவறையில் தனித் தேய்ப்பானால் கழுவுங்கள்; தவளையின் உடலில் சால்மொனெல்லாக் கிருமி இருக்கக்கூடும்.

உணவு

மாதாமாதம் தொடரும் ஒரே பெரிய செலவு உயிருள்ள வெட்டுக்கிளிகள், அதாவது ஆங்கிலத்தில் கிரிக்கெட் எனப்படும் பூச்சிகள். பாடும் பறவை வளர்ப்போருக்காகப் பறவைக் கடைகளில் இவற்றை விற்கிறார்கள், செல்லப்பிராணிக் கடைகளைவிட அங்கே மலிவாகக் கிடைப்பதை நான் கண்டிருக்கிறேன். என் வட்டாரத்தில் கடை வைத்திருக்கும் சீனப் பெரியவர் முதல் தடவை "என்ன பறவை?" என்று கேட்டார். "தவளை, அங்கிள்" என்றேன். சற்று யோசித்துவிட்டு, "பாடுமா?" என்றார். பாடும், ஆனால் நீங்கள் விரும்பும் நேரத்தில் அல்ல; அதைப் பின்னால் சொல்கிறேன்.

வளர்ந்த தவளைக்கு வாரத்தில் மூன்று நாள், வேளைக்கு நான்கு முதல் ஆறு வெட்டுக்கிளிகள் போதும். இளந்தவளைக்கு நாள்தோறுமோ ஒருநாள் விட்டு ஒருநாளோ சிறியவற்றைக் கொடுக்க வேண்டும். தவளையின் இரண்டு கண்களுக்கு இடையே உள்ள அகலத்தைவிட இரை பெரிதாக இருக்கக் கூடாது என்பது நம்பத்தகுந்த அளவுகோல். மாதம் அறுபது எழுபது வெட்டுக்கிளிகளுக்கு எனக்குப் பத்திலிருந்து பதினைந்து வெள்ளி ஆகிறது. இருபது இருபதாக வாங்கினால் இதைவிடக் கூடும். ஒரே தடவையில் வாங்கி வீட்டில் வைத்துப் பராமரிப்பதே லாபம். ஆழமான பிளாஸ்டிக் பெட்டி, மூடியில் வெட்டி ஒட்டிய உலோக வலை, மளிகைக் கடையில் கேட்டால் கொடுக்கும் முட்டை அட்டை நான்கு, ஒரு துண்டு கேரட், கொஞ்சம் பூசணி, சாய் சிம் கீரையின் தண்டு. தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் வெட்டுக்கிளிகள் மூழ்கிச் செத்து நாற்றமெடுக்கும். கேரட்டின் ஈரமே அவற்றுக்குப் போதும். வலை உலோகமாகத்தான் இருக்க வேண்டும், பிளாஸ்டிக் வலையைக் கடித்து வெளியேறிவிடும். தப்பிய ஒரு வெட்டுக்கிளி குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னால் பதினோரு இரவு கத்தியதை என் வீட்டார் இன்னும் மறக்கவில்லை.

வெட்டுக்கிளி தின்பதுதான் தவளைக்குச் சேரும் சத்து என்பதால், கொடுப்பதற்கு முந்தைய நாளாவது அவற்றுக்கு நல்ல காய்கறி கொடுத்திருக்க வேண்டும். பிறகு ஒரு பையில் நான்கைந்தைப் போட்டு, ஒரு சிட்டிகை சுண்ணாம்புச்சத்துத் தூளைத் தூவி, மெதுவாகக் குலுக்கினால் பொரிக்கு மாவு தூவியது போல வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ அடங்கிய பல்சத்துத் தூளையும் இப்படியே கொடுங்கள். அந்தச் சத்து குறைந்தால் நாக்கின் ஒட்டும் திறனே போய், இரையைக் குறிபார்த்துப் பாய்ந்தும் பிடிக்க முடியாமல் தவளை பட்டினி கிடக்கும். தூளைச் சிறிய டப்பாவாக வாங்குங்கள். நம் ஊர் ஈரத்தில் திறந்த டப்பா ஆறு மாதத்துக்கு மேல் தாங்காது.

இந்தத் தவளை பெருந்தீனிக்காரி. கொடுக்கக் கொடுக்கத் தின்னும். எலிக்குஞ்சும் கொழுத்த புழுக்களும் கொடுத்து அதைக் குண்டாக்கிப் படம் எடுத்துப் பெருமைப்படுபவர்கள் உண்டு. கண்ணுக்கு மேலே காதுவரை ஓடும் மடிப்பைக் கவனியுங்கள்: அது மெல்லியதாகத் தெரிந்தால் தவளை சரியான எடையில் இருக்கிறது, கண்ணின் மேல் சரிந்து விழத் தொடங்கினால் தீனியைக் குறைக்க வேண்டும். முற்றிய நிலையில் அந்த மடிப்பு பார்வையையே மறைத்துவிடும். சமையலறைத் தராசில் ஒரு டப்பாவோடு வைத்து மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுதிவைப்பது மருத்துவரிடம் போகும்போதும் உதவும். தின்னாத வெட்டுக்கிளியை இரவு முழுதும் தொட்டிக்குள் விடாதீர்கள், பசித்தால் அது தவளையைக் கடிக்கும். வீட்டில் பிடித்த கரப்பான் பூச்சியையும் புல்தரையில் தோண்டிய மண்புழுவையும் இலவசம் என்று கொடுக்க வேண்டாம். அவை எந்த மருந்தைத் தின்றிருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

வீட்டுப் பழக்கங்கள்

தவளையின் தோல் வடிகட்டி இல்லாத சன்னல். வெள்ளிக்கிழமை போடும் சாம்பிராணிப் புகை, கொசுவத்தி, தெளிப்பு மருந்து, தரை துடைக்கும் திரவத்தின் ஆவி அத்தனையும் அதற்குள் போகும். சாம்பிராணியை நாங்கள் நிறுத்தவில்லை. பூசையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கூடத்தில் விசிறியைப் போட்டு, புகை அடங்கிய பிறகு திறக்கிறோம். புளோக்கின் கீழ்த்தளத்தில் கொசுமருந்துப் புகை அடிக்கும் நாளிலும், சீனர்கள் ஏழாம் மாதத்தில் காகிதம் எரிக்கும் மாலைகளிலும், புகைமூட்டக் காலத்திலும் சன்னலை மூடி, ஈரத்துணியைத் தொட்டியின் வலைப்பகுதி மேல் தளர்வாகப் போட்டுவிடுங்கள். கையில் சோப்போ, கிருமிநாசினியோ, கொசுவிரட்டிக் களிம்போ இருக்கும்போது தவளையைத் தொடக் கூடாது. தொட்டே ஆக வேண்டுமென்றால் கையைக் கழுவி, குளோரமின் நீக்கிய நீரில் நனைத்துக்கொண்டு தொடுங்கள். தொட்ட பிறகு மீண்டும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

சத்தத்துக்கு வருகிறேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். ஆண் தவளை மழை வரும் இரவுகளில் கரகரத்த குரலில் விட்டுவிட்டுக் கத்தும். மழைதான் வேண்டும் என்பதில்லை. என் வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் சுழலத் தொடங்கியதும் பதில் குரல் கொடுக்கிறது. பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவரில் தொட்டியைச் சாய்த்து வைக்காமல் இருப்பதும், பக்கத்து வீட்டாருக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுவதும் நல்லது.

பணக்கணக்கு

என் நோட்டில் உள்ளபடி, பழைய தொட்டிக்கு 60 வெள்ளி, அக்ரிலிக், வலை, கீல், இரண்டு குழாய் பசை (ஒன்று வீண்) ஆகியவற்றுக்கு 38, வெப்ப ஈரமானிக்கு 12, தண்ணீர் மருந்துக்கு 7, சத்துத் தூள் இரண்டுக்கும் 32, கிண்ணம், நார்த்தூள், பெட்டி முதலிய சில்லறைக்கு 15. மொத்தம் 164 வெள்ளி. இதற்கு வெளியே 300 வெள்ளியைத் தனியாக எடுத்து மருத்துவத்துக்கென்று வைத்துவிட்டுத்தான் தவளையை வாங்கினேன். நாய், பூனை பார்க்கும் எல்லா மருத்துவமனையும் தவளையைப் பார்ப்பதில்லை. எது பார்க்கும், முதல் ஆலோசனைக்கு எவ்வளவு என்று தொலைபேசியில் இப்போதே கேட்டு எழுதிவையுங்கள். வயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் சிவந்து காணுதல், உடல் ஊதுதல், நாள்கணக்கில் பகலிலும் கண்மூடாமல் தரையில் கிடத்தல் ஆகியவை காத்திருக்கக் கூடாத அறிகுறிகள். அந்த 300 வெள்ளியைச் சேர்க்க மூன்று மாதம் ஆகுமென்றால் தவளையும் மூன்று மாதம் கழித்து வரட்டும். வளர்க்க முடியாமல் போனால் பூங்காவிலோ நீர்த்தேக்கத்திலோ விட்டுவிடலாம் என்பது ஒரு வழியே அல்ல. அது சட்டப்படி குற்றம், உள்ளூர்த் தவளைகளுக்கு நோய் பரப்பும் காரியமும்கூட.

தவளை வரும் நாள்

கடையில் பகல் நேரத்தில் தூங்கும் தவளை சோம்பேறியாகத் தெரிந்தால் அது குறையல்ல. கால்களை உடலுக்கடியில் மடித்துக் கொழுக்கட்டை போல உட்கார்ந்திருக்கிறதா, கண் திறந்தால் தெளிவாக இருக்கிறதா, தோலில் புண்ணோ சிவப்போ இல்லையா, இடுப்பெலும்பு துருத்தாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இனப்பெருக்கம் செய்து வளர்த்ததா, காட்டில் பிடித்ததா என்றும் கேளுங்கள். இரை போடச் சொல்லிப் பார்க்கலாம்: விழுங்கும்போது இரண்டு கண்களும் உள்ளே அமிழ்ந்து இரையைத் தொண்டைக்குள் தள்ளுவதைக் கண்டால் வியப்பாக இருக்கும், அப்படித் தின்னும் தவளை பெரும்பாலும் நலமாகவே இருக்கும்.

வீட்டுக்குக் கொண்டுவர, காற்றுத்துளை இட்ட பிளாஸ்டிக் டப்பாவில், குளோரமின் நீக்கிய நீரில் நனைத்துப் பிழிந்த சமையலறைத் தாளை விரித்தால் போதும். வெயில் தாழ்ந்த பிறகு கொண்டுவந்து, டப்பாவைத் திறந்து தொட்டிக்குள் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். முதல் மூன்று நான்கு நாள் சாப்பிடாவிட்டால் பதற வேண்டாம். அந்த நாள்களில் ஓர் இரவு அது முதுகை வளைத்து, வாயை அகலத் திறந்து திறந்து மூடி, முன்னங்கால்களால் முகத்தைத் துடைத்துத் துடைத்து எதையோ விழுங்குவதைப் பார்க்க நேரலாம். நான் அப்படிப் பார்த்தபோது மூச்சுத் திணறுகிறது என்று எண்ணி இரவு பதினொன்றரைக்கு மருத்துவமனை எண்ணைத் தேடினேன். தோல் உரித்துக்கொண்டிருந்தது. உரித்த தோலைத் தானே தின்றுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, பிவிசி குழாய்க்குள் போய்விட்டது.